தடுப்புக் கட்டை

இருங்க டீச்சரம்மா, அந்த வார்த்தைய இப்பவே எழுதிடாதீங்க. கவனக்குறைவுங்கறது பெரிய வார்த்தை. எழுதிட்டா அது பாட்டுக்கு அங்க சம்மணம் போட்டு உக்காந்துக்கும், அப்புறம் எழுப்ப முடியாது. கொஞ்சம் பொறுங்க. முழுசாச் சொல்லிடறேன், அப்புறம் எது எழுதணுமோ எழுதலாம்.

இல்லம்மா, உங்க வேலையைக் கெடுக்கறேன்னு தெரியுது. மடியில இவ்வளவு பெரிய பேப்பர் கட்டு. எத்தனை இருக்கும், நாப்பதா? நாப்பத்திமூணா. பதினெட்டு முடிச்சிட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு எண்ணற பழக்கம். சும்மா உக்காந்தா மனசு எதையாவது எண்ணும். இந்த வராந்தாவுல தரைக்கல்லு நீளவாக்குல முப்பத்தாறு. அந்த ஆப்பரேஷன் கதவு நாங்க வந்ததுலேர்ந்து ஒன்பது தடவை தொறந்துச்சு. ஒன்பது தடவையும் வேற யார் பேரையோதான் கூப்பிட்டாங்க.

இந்தத் தாளு கீழ கவுண்டர்ல குடுத்தது. மேல பேரு, வயசு, விலாசம் எல்லாம் என் பொண்ணு எழுதிட்டா. உள்ள இருக்கறது அவ வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை. இந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவ கை நின்னுடுச்சு. விபத்து நடந்த விதம்னு போட்டு, மூணு வரி விட்டிருக்கான் பாருங்க. நீங்கதானேப்பா அங்க இருந்தீங்க, நீங்க எழுதுங்கன்னு தாளை என் கையில திணிச்சிட்டு ரத்தம் குடுக்கப் போயிட்டா. நான் அஞ்சாவது வரைக்கும்தாம்மா. நம்பர்னா முத்து முத்தா எழுதுவேன். எழுத்துன்னா நான் எழுதினதை நானே எழுத்துக்கூட்டித்தான் படிக்கணும். ஆப்பரேஷன் முடியறதுக்குள்ள தாளு உள்ள போயாகணுமாம், ஒரு நகல் போலீஸுக்கும் போகுமாம். பக்கத்துல நீங்க பேனாவோட இருந்தீங்க. அதான் கூச்சத்தை விட்டுக் கேட்டுட்டேன்.

சிவப்பு வேணாம்மா. நீலம் இருந்தா அதுல எழுதுங்க.

என்ன வேலையா? மரவேலை. பட்டறையில நாங்க ரெண்டே பேரு. இப்போ எல்லாருக்கும் ஒட்டுப் போடாத மேசை வேணும், ஒரே பலகையில. பெரிய மரத்தை நெடுக அறுத்து, ரெண்டு வருஷம் காய வெச்சு, அப்படியே கொண்டாந்து இறக்கிடுவாங்க. காய்ஞ்ச பலகை மட்டமா இருக்காது. ஒரு மூலை மேல பாக்கும், எதிர்மூலை கீழ பாக்கும். சண்டை போட்டுட்டு முதுகைக் காட்டிப் படுத்த ஆளு மாதிரி கிடக்கும். சின்னப் பலகைன்னா இழைக்கிற மிஷினுக்குள்ள விட்டா அந்தப் பக்கம் மட்டமா வந்துடும். எங்க மிஷினோட வாய் பன்னெண்டு இன்ச். இந்தப் பலகை நாப்பத்தோரு இன்ச் அகலம். நீளம் எண்பத்தெட்டு. எந்த வாயிலயும் நுழையாது.

எப்படிங்கறீங்களா, சொல்றேன். உங்க பேப்பர் கட்டு இருக்கே, அதுதான் பலகைன்னு வெச்சுக்குங்க. இந்தப் பக்கம் ஒரு ஸ்கேலு, அந்தப் பக்கம் ஒரு ஸ்கேலு, ரெண்டும் ஒரே மட்டத்துல. அந்த ரெண்டு ஸ்கேலு மேலயும் குறுக்க உங்க பென்சில் டப்பா உக்காந்திருக்கு. டப்பாவுக்கு அடியில நெடுக ஒரு பிளவு. உள்ள இந்த ரப்பரு. ரப்பருதான் ரவுட்டர் மிஷின், அடியில ரெண்டு இன்ச் அகலத்துக்கு கத்தி சுத்தும். டப்பாவுக்குள்ள ரப்பரை அந்தக் கோடிக்குத் தள்ளி, இந்தக் கோடிக்கு இழுத்தா, போன வழியெல்லாம் கீழ மேடு சீவிக்கிட்டுப் போகும். அப்புறம் டப்பாவை ஒன்றரை இன்ச் நகத்தணும். மறுபடியும் தள்ளு, இழு. பலகை எவ்வளவு கோணலா இருந்தாலும் டப்பா மட்டமாத்தானே ஓடுது, அதனால பலகையும் மட்டமாயிடும். டப்பாவுக்கு எங்க பட்டறையில சறுக்குன்னு பேரு. மாப்பிள்ளை வெச்ச பேருதான்.

டப்பாவோட ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு தடுப்புக் கட்டை உண்டு. ஒவ்வொண்ணுக்கும் நாலு ஸ்க்ரூ. மிஷினு அதுல வந்து டொக்குனு முட்டி நின்னுடும். அதுக்கு மேல வெளிய வராது.

அந்தக் கட்டைதாம்மா இன்னைக்கு இல்லாமப் போனது.

இருங்க, எழுதாதீங்க. இன்னும் இருக்கு.

எந்தக் கையா, இடது கை. சறுக்கை ஆடாமப் பிடிச்சுக்கணும்ல. ஒரு கை மிஷின்ல, ஒரு கை சறுக்கோட கோடியில, தடுப்புக் கட்டைக்குப் பின்னாடி. அங்க வெச்சா பயமே இல்ல மாப்பிள்ளை, கத்தி எந்தக் காலத்துலயும் அங்க வராதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆறு வருஷமா அவரு கை அங்கதான் இருந்துச்சு. இன்னைக்கும் அங்கதான் இருந்துச்சு.

மூணு விரலு. காலையில டாக்டரு சொன்னதை அப்படியே சொல்றேன். மோதிர விரல் தப்பிச்சிடும். ஆள்காட்டி விரலைப் பாக்கலாம். நடுவிரல் இல்ல. இல்லன்னுட்டாரு, அவ்வளவுதான். நேரா வெட்டுப்பட்டிருந்தா ஒட்ட வெச்சிருப்பாங்களாம், இது அரைச்சிடுச்சுன்னாரு. ஒன்பது அம்பதுக்கு உள்ள கொண்டு போனாங்க. இப்ப மணி என்ன, பன்னெண்டு பத்தா? ரெண்டு மணி இருபது நிமிஷம். நேரமாக ஆக நல்லதா கெட்டதா, உங்களுக்குத் தெரியுமா? உங்க அண்ணனுக்கு எவ்வளவு நேரம்னாங்க? பித்தப்பை கல்லுன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். நல்லபடியா வந்துடுவாரு.

எங்க பேத்திக்கு அஞ்சு வயசு. பொண்ணு சீக்கிரமே ஆபீஸ் போயிடறதால காலையில அவளுக்கு ஜடை போடறது மாப்பிள்ளைதான். இவ்வளவு பெரிய கையில எப்படித்தான் அந்தப் பூனை வால் மாதிரி மயிரைப் பிரிச்சுப் பின்னுவாரோ. மூணு பிரி, மூணு விரலு. நான் ஒரு நாள் முயற்சி பண்ணேன். தாத்தா, இது கயிறு இல்லன்னுட்டா.

நல்ல மனுஷருங்க. வாய்தான் கொஞ்சம் நீளம். பலகை மட்டமா இருக்கான்னு நான் ரெண்டு கோல் வெச்சு, குனிஞ்சு, ஒரு கண்ணை மூடிப் பாப்பேன். முன் கோலும் பின் கோலும் ஒரே கோடாத் தெரியணும். ஒரு முடி அளவு வித்தியாசம் இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். மாமா கண்ணுக்குள்ளயே ரசமட்டம் இருக்குதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாரு. அதுக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துக் குமிழி நான்தான், மாமா ஆட்டினா ஆடுவேன், நிறுத்தினா நிப்பேன்னுவாரு. வாடிக்கைக்காரங்க சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

ஆனா மறதி. அதையும் சொல்லணும்ல. கத்திய முடுக்கின சாவிய மிஷின்லயே விட்டுடுவாரு. பிளக்கைப் புடுங்காமலே கத்தி மாத்துவாரு. பசை டப்பாவை மூட மாட்டாரு. வேற ஆளா இருந்தா ரெண்டு வார்த்தை திட்டலாம். மாப்பிள்ளைய எப்படிம்மா திட்டறது? பொண்ணைக் கட்டினவரை வாங்க போங்கன்னுதானே சொல்லணும். எனக்கு வேற யாரையும் திட்டவே வராது, மாப்பிள்ளைய எங்க திட்டறது. அதனால என்ன பண்ணேன்னா, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துல சுவத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டேன். அவரு ஒண்ணு மறந்தா ஒரு கோடு. ஒண்ணும் பேச மாட்டேன். கோடு போட்டுட்டுப் போயிடுவேன். அவரு வந்து பாத்து, இன்னைக்கு என்ன மாமான்னு கேப்பாரு. நான் பசை டப்பாவைக் காட்டுவேன். அவ்வளவுதான்.

ஆறு வருஷத்துல இருபத்திரெண்டு கோடு.

என் வீட்டுக்காரி ஒரு தடவை பட்டறைக்கு வந்தப்ப அதைப் பாத்துட்டா. ஊர்ல உலகத்துல மாப்பிள்ளைக்கு மார்க்கு போடற மாமனாரு நீங்க ஒருத்தர்தான், நல்லவேளை எனக்குப் போடாம விட்டீங்கன்னா. உனக்குச் சுவரு பத்தாதுன்னேன். அன்னைக்கு ஏதோ பெரிசாப் பேசிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

நீங்களும் தப்புக்கு வட்டம் போடறீங்க. ஆனா கீழ மொத்த மார்க்குன்னு ஒண்ணு போடுவீங்கல்ல. சரியா எழுதினதுக்கும் சேத்து. நான் அவரு சரியாச் செஞ்சதுக்கு எங்கயும் ஒரு கோடு போடலம்மா. அதுக்கு ஒரு சுவரு வேணும்னு தோணவே இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்தப் பலகை வந்து பன்னெண்டு நாளாச்சு. மேசை செய்யச் சொன்னவர், வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னு ஆசை, பாதியா வெட்டி ஒட்ட வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டாரு. பலகைய மேடையில போட்டேன். ஆடுச்சு. ஆடாம இருக்க அடியில ஆப்பு வைக்கணும். எங்கெங்க இடைவெளியோ அங்கெல்லாம் ஒவ்வொண்ணா செதுக்கி, தட்டித் தட்டி பதினாலு ஆப்பு வெச்சேன். ஒண்ணு அதிகமா ஏறினாலும் பலகை வளைஞ்சு படுத்துக்கும், சீவினப்புறம் எடுத்தா பழையபடி நிமிந்துக்கும். அது ஒரு முழு நாள் வேலை. அப்புறம் நாலு நாளா சீவினோம். ஒரு சுத்துக்கு அரை நூல்தான் எடுக்கணும். இன்ச்சுல எட்டுல ஒரு பங்குதாம்மா நூலு. அதுல பாதி.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரே ஒரு தொல்லை. எங்க சறுக்கு செஞ்சது நாப்பது இன்ச் பலகைக்குத்தான். மிஷினு தடுப்புக் கட்டையில முட்டினப்புறமும் இந்தப் பக்க ஓரத்துல ஒன்றரை இன்ச் சீவாம நின்னுடுச்சு. பலகை முழுக்க கண்ணாடி மாதிரி, ஓரத்துல மட்டும் நெடுக ஒரு நூல் ஒசரத்துக்கு வாசப்படி மாதிரி ஒரு மேடு.

மாப்பிள்ளை ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, பலகைய ரெண்டு இன்ச் தள்ளிப் போடலாம். நான் முடியாதுன்னேன். பதினாலு ஆப்பும் கலைஞ்சிடும். இன்னொண்ணு, அந்த ஓரத்தை மட்டும் கடைசியில கையால இழைச்சிடலாம், நானே இழைக்கறேன் மாமா, ரெண்டு மணி நேரந்தான்னாரு. கையால இழைச்சா சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும்னேன். யாருக்குத் தெரியும்னாரு. எனக்குத் தெரியும்னேன். அப்ப நீங்க அந்த மேசையில சாப்பிடப் போகாதீங்க மாமான்னு சிரிச்சாரு. அதோட நேத்து வேலைய நிறுத்திட்டோம்.

சாயங்காலம் அவரு சறுக்கைச் சுத்தம் பண்ணாரு. ரெண்டு தடுப்புக் கட்டையும் கழட்டி, உள்ள தூளைத் தட்டி, மிஷினு வழுக்கிட்டுப் போக மெழுகு தடவி வெச்சாரு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க. இதுலதான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

கதவு தொறக்குது. இருங்க.

இல்ல. நமக்கு இல்ல. பத்து.

காலையில அவரு வந்தது எட்டே காலுக்கு. நான் பின்பக்கம் குழாயடியில இருந்தேன். கண்ணுல தூளு. மூஞ்சியக் கழுவி, கண்ணாடியக் கழுவி, துணியில தொடைச்சிட்டு இருந்தேன். கண்ணாடி தொடைக்க எனக்கு நேரமாகும். அவரு வந்தாரு, காது மூடிய மாட்டினாரு, கடைசிச் சுத்து ஒண்ணு ஓட்டிடலாம்னு மிஷினைப் போட்டுட்டாரு. மாமா வந்து பாக்கறதுக்குள்ள முடிச்சு வெச்சா சந்தோஷப்படுவாருன்னு நினைச்சிருப்பாரு. சறுக்குக்குள்ள சீவல் குவிஞ்சு கிடந்தா கோடியில கட்டை இருக்கா இல்லையான்னு தெரியாதும்மா.

மிஷினுக்கு ஒரு குரலு உண்டு. மரத்துல ஓடறப்போ ஒரு குரலு, காத்துல ஓடறப்போ ஒரு குரலு. நான் கண்ணாடிய மாட்டறேன், குரலு மாறுச்சு. மரமும் இல்ல, காத்தும் இல்ல. எனக்கு அந்தக் குரலு தெரியாது. நாப்பத்தேழு வருஷத்துல கேட்டதில்ல.

ஓடிப் போனா அவரு கீழ உக்காந்திருந்தாரு. கத்தலம்மா. பலகைய நிமிந்து பாத்துட்டு, பலகையில ரத்தம் பட்டுடுச்சு மாமான்னாரு. அப்புறம் சறுக்கோட கோடியப் பாத்தாரு. கட்டை இல்ல. அவரு மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? வலிச்ச மூஞ்சி இல்ல அது. கட்டைய மாட்ட மறந்துட்டேன் மாமா, நேத்து மெழுகு போட்டப்போ கழட்டினேன், திருப்பி மாட்ட மறந்துட்டேன்னாரு. பக்கத்து வெல்டிங்காரர் ஓடி வந்தாரு, எதிர்க்கடையில ஐஸ் வாங்கினாரு, அவரு கார்லதான் வந்தோம். வழி முழுக்க மாப்பிள்ளை அதையேதான் சொன்னாரு. எட்டு தடவை. மறந்துட்டேன் மாமா. மறந்துட்டேன் மாமா.

பொண்ணுக்கு வெல்டிங்காரர்தான் போன் பண்ணாரு. அவ நேரா பட்டறைக்குப் போயிருக்கா. அங்க நாங்க இல்ல. மாப்பிள்ளையோட மேசையில மெழுகு டப்பாவும் அதுக்குப் பக்கத்துல தடுப்புக் கட்டையும் இருந்திருக்கு. பாத்துட்டா. இங்க வந்து, அவரை உள்ள தள்ளிட்டுப் போறப்போ கூடவே ஓடிக்கிட்டே கேக்கறா. எங்கப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பாரு, சுவரு பூரா கோடு போட்டாரே, ஒரு தடவையாவது காதுல வாங்கினீங்களான்னு. அழுதுக்கிட்டேதான் கேட்டா. அவரு படுத்துக்கிட்டே, ஆமாம்மா, என் தப்புதான், மாமாவை ஒண்ணும் சொல்லாதேன்னாரு. மாமாவை ஒண்ணும் சொல்லாதேன்னு எதுக்கு சொன்னாருன்னு எனக்கு விளங்கல. தெரிஞ்சுதான் சொன்னாரா, மயக்க ஊசியில சொன்னாரா. ரெண்டு மணி இருபது நிமிஷமா அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். அப்புறம் கதவு மூடிக்கிச்சு.

என்ன எழுதிட்டீங்க? படிச்சுக் காட்டுங்க.

தடுப்புக் கட்டையைப் பொருத்த மறந்ததால். ம். நல்லாத்தான் இருக்கு எழுத்து. அதை அடிச்சிடுங்கம்மா.

அவரு மறக்கலம்மா. நேத்து அவரு ரெண்டு கட்டையும் திருப்பி மாட்டினாரு. ரெண்டுக்கும் நாலு நாலு ஸ்க்ரூ, எட்டும் இறுக்கமா. எனக்கெப்படித் தெரியும்னா, இன்னைக்குக் காலையில ஆறே முக்காலுக்கு அதுல நாலைக் கழட்டினது நான். ஒண்ணு கொஞ்சம் வரலை, அவ்வளவு இறுக்கி வெச்சிருந்தாரு.

ராத்திரியெல்லாம் அந்த ஒன்றரை இன்ச் என் கண்ணுலயே நின்னுச்சு. கட்டைய எடுத்துட்டா மிஷினு இன்னும் கொஞ்சம் வெளிய வரும், ஓரமும் சீவிடும், கோடு தெரியாது. ஆபத்துதான். ஆனா எனக்குத் தெரியும்ல கட்டை இல்லன்னு. ரெண்டு கையும் மிஷின்லயே வெச்சு, ஒவ்வொரு இழுப்பையும் பாத்துப் பாத்துச் செஞ்சேன். ஒரு சுத்துக்கு அம்பத்தொன்பது இழுப்பு. ரெண்டு சுத்து. நூத்திப் பதினெட்டு. ஒண்ணு விடாம எண்ணினேன். முடிச்சிட்டு ஓரத்துல உள்ளங்கைய வெச்சுத் தடவினேன். எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. இவ்வளவு நல்லா நான் செஞ்சதே இல்லன்னு நினைச்சேன். அந்த நினைப்போடதாம்மா மூஞ்சி கழுவப் போனேன். நூத்திப் பதினெட்டு எண்ணினவன் நூத்திப் பத்தொன்பதை எண்ணல. கட்டைய எடுத்த இடத்துல மாட்டறதுதான் அது.

ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லாதீங்கம்மா. ஆறுதலுக்குச் சொல்றீங்க, தெரியுது. ஆனைக்குச் சறுக்கினா ஆனைதானே விழணும்.

அவரு ஏன் தானே மறந்ததா நினைச்சாருன்னு கேக்கறீங்களா? இருபத்திரெண்டு கோடு போட்டிருக்கேனே. சுவத்துல அத்தனை இருந்தா எந்த மனுஷன்தான் தன்னை நம்புவான்? மாட்டினது அவரு கை. அந்தக் கையயே அவரு நம்பல.

கார்ல வெச்சே சொல்லியிருக்கலாம். எட்டு தடவை சொன்னாரே, ஒரு தடவை குறுக்க புகுந்து இல்ல மாப்பிள்ளை, நான்தான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் பொண்ணு வந்து அவரைத் திட்டினா. அப்ப சொல்லியிருக்கலாம். கதவு மூடறதுக்குள்ள சொல்லியிருக்கலாம். என்னால முடியலம்மா. யாரும் இல்லாத இடத்துல ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், மாடிப்படிக்குக் கீழ நின்னு. சுவத்துக்கிட்ட சொன்னா வருது.

அவ வந்துட்டு இருப்பா. ரத்தம் எடுத்துட்டு ஒரு கால் மணி உக்கார வைப்பாங்களாம், அதுவும் ஆயிருக்கும். எழுதிக்குங்க. மூணு வரிதானே இருக்கு, நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன். முதல் வரி. மிஷினோட தடுப்புக் கட்டையைக் காலையில் கழட்டியது மாமனார். என் பேரையும் போடுங்க, அது மேல பொண்ணு எழுதியிருக்கா பாருங்க, கூட வந்தவர்ங்கற இடத்துல. ம். ரெண்டாவது வரி. திருப்பி மாட்டாமல் போனதும் அவரே, மருமகன் எதையும் மறக்கவில்லை. எதையும்னு அழுத்தி எழுதுங்க.

மூணாவதுக்கு இடம் இருக்கா? ஓரத்துல எழுதுனாலும் பரவால்ல. அது என்னன்னா, கட்டைய நான் கழட்டி வெச்சது ஜன்னல் விளிம்புல. மாப்பிள்ளை மேசையில இல்ல. வெல்டிங்காரர் அவரைத் தூக்கிட்டு வெளிய போனாரு. நான் மிஷினோட பிளக்கைப் புடுங்கினேன், திரும்பினா ஜன்னல்ல கட்டை. அதைக் கையில எடுத்தேன். ஜன்னல்லேர்ந்து அவரு மேசைக்குப் பதினோரு அடி. நடந்து போய் மெழுகு டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்துதான் கார்ல ஏறினேன். பதினோரு அடியும் எண்ணிருக்கேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்கம்மா. கட்டையை மருமகன் மேசையில் கொண்டு போய் வைத்ததும் மாமனார். அவ்வளவுதான்.

கையெழுத்து எங்க போடணும், இங்கயா? குடுங்க. கொஞ்சம் தாளைப் பிடிச்சுக்குங்க.

அதோ வர்றா. பச்சைப் புடவை, முழங்கையில பஞ்சு ஒட்டியிருக்கே, அவதான் என் பொண்ணு. தாளை அவகிட்ட நீங்களே குடுத்துடுங்க டீச்சரம்மா. உள்ள குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல, இப்படியே உக்காந்திருக்கேன்.